மாப்பிள்ளைக்கு நாலு குறை

மகள் அச்செடுத்துக் கொடுத்துவிட்டுப் போன நாலு தாளையும், சூட்கேஸ் கடைக்காரர் பில் போடும் மேஜைக்குப் பின்னால், 'விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படமாட்டாது' என்ற பலகைக்கு நேர் கீழே ஒட்டிவைத்திருந்தார். நாலிலும் ஆங்கிலச் சொற்கள், எதிரே தமிழில் அர்த்தம். முதல் இரண்டு தாளில் மனிதர்களின் நல்ல குணங்கள். மூன்றாவதில் கெட்ட குணங்கள். நாலாவதில், பல் முளைப்பதிலிருந்து பேரன் பேத்தி எடுப்பதுவரை ஒரு ஆயுளில் நடக்கக்கூடிய முக்கியமான சங்கதிகள் எல்லாம்.

"மூணாவது தாள் புரிஞ்சுக்கறதுக்கு மட்டும்தான்ப்பா, சொல்றதுக்கு இல்ல" என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நல்ல குணங்கள் மூன்று வாரமாக முட்டி மோதியும் கேட்டால் புரியும் அளவுக்குத்தான் ஏறின, வாயில் வரவில்லை. கெட்ட குணங்கள் இரண்டே நாளில் மனப்பாடம். முப்பது வருடமாகக் கொள்முதலுக்குப் போகிற இடத்திலெல்லாம் குறை சொல்லியே பழகின வாய் அது. நல்லதைச் சொல்ல அதற்கு எந்தப் பயிற்சியும் இருந்ததில்லை. இந்த ரகசியத்தை அவர் மகளிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். மகள் வேலை பார்க்கிற ஊரில் ஒரு பையன். நல்ல பையன்தான், ஆனால் அவன் வீட்டில் தமிழ் கிடையாது. அவனுடைய அம்மாவுக்கு இவளைப் பிடித்திருந்தது. பெண்ணின் குடும்பத்தை நினைத்தால்தான் தயக்கம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாதவர்களோடு காலம் பூராவும் எப்படிச் சம்பந்தம் பண்ணுவது, நாளைக்குப் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று கேட்டாளாம். கடைசியில், "ஒரு மணி நேரம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு நாள் குறிப்பதா வேண்டாமா என்று சொல்கிறேன்" என்று முடித்துவிட்டாள். பையன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். ஆக, மகளுடைய கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையின் ஒரு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரம் இவருடைய ஆங்கிலத்தில் தொங்கியது. இவருடைய ஆங்கிலமோ அந்த நாலு தாளில், செல்லோடேப்பில்.

கடையில் கூடமாட இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தினமும் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பரீட்சை வைப்பான்.

"மாமா, 'ஜெனரஸ்'னா?"

"தாராள மனசு."

"ஒரு உதாரணம் சொல்லுங்க."

கடைக்காரர் யோசித்தார். "உங்க அக்கா."

"நம்ம கடையில யாராவது?"

"கடைக்குள்ள எதுக்குடா அது?"

"சரி, 'ரிலையபிள்'?"

"நம்பலாம். அந்த நாலு சக்கரக் கறுப்புப் பெட்டி."

"மனுஷங்கள்ல மாமா!"

"மனுஷங்களுக்கு யாருடா கேரண்டி கார்டு குடுக்கறா?"

அப்போது ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். நீலப் பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள். "ஆஹா, எவ்ளோ அழகு! ஃபினிஷிங் பாருங்க, எவ்ளோ லேசா இருக்கு!" என்று மாறி மாறி மெச்சினார்கள். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. மச்சானைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் கணித்தபடியே, "ரொம்ப நல்லாருக்கு, அப்புறமா வர்றோம்" என்று இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

பின்னாலேயே ஒரு அம்மாள் வந்தாள். "என்னங்க இது, சக்கரம் கீச்சுனு கத்துது. ஜிப்பு கடிக்குது. கலரு செத்த கலரா இருக்கு. கைப்பிடியைப் பாரு, நோஞ்சான் கை மாதிரி." கடைக்காரர் துள்ளி எழுந்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்துவிட்டு, அம்மாள் இரண்டாக எடுத்துக்கொண்டு போனாள்.

இது அவருடைய ரத்தத்தில் ஊறின சங்கதி. அவருடைய அப்பாவும், அப்பாவோடு பிறந்த மூன்று பேரும் கடைத்தெருவிலேயே வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் ஒரு பொருளை யாராவது புகழ்ந்தால், அவர் கிளம்பப்போகிறார் என்று செருப்பை எடுத்து வைப்பார்கள். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட, "மூக்கு கொஞ்சம் நீளம்" என்று சொல்லித்தான் கடைக்காரர் தன் சம்மதத்தைத் தெரிவித்தார். மாமனாரும் கடைக்காரர்தான். உடனே புரிந்துகொண்டு தேதி கேட்டுவிட்டார். மனைவிக்கு மட்டும் இருபத்தேழு வருடமாகியும் புரியவில்லை. இன்றைக்கும் வாரம் ஒருமுறை அந்த மூக்கு சாப்பாட்டு மேஜைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா, முப்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டை குட்டையாக, எதையும் நேராகப் பார்க்கிற கண்ணோடு இருந்தாள். பையனின் அப்பா நில அளவையாளர். சோபாவில் உட்கார்ந்ததும் அறையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்து முடித்துவிட்டு, அதற்குமேல் வேலை இல்லாதவர்போல் மௌனமாகிவிட்டார். பையன் முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகள் நடுவில் ஒரு முக்காலியில், இரு பக்கத்துக்கும் பாலமாக. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. மனைவி ஆங்கிலத்தில் தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகளையும் வாசலிலேயே சொல்லித் தீர்த்துவிட்டதால், சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தாள்.

இனி அங்கே விருந்தாளிகள் பேசியது எல்லாம் ஆங்கிலம். கடைக்காரருக்குப் புரிந்த அளவுக்கும், மகள் காதில் ஓதிய அளவுக்கும் அது இங்கே தமிழில்.

நர்ஸம்மா நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். "உங்கள் மகள் மிகவும் கைண்ட்."

முதல் தாள், இரண்டாவது வரி. கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது! மூன்று வாரத்து உழைப்பு வீண்போகவில்லை. பெருமையாகத் தலையாட்டினார்.

"பொறுமைசாலி. பேஷண்ட்."

அதுவும் புரிந்தது.

"ஜெனரஸ். ரிலையபிள்."

மூன்றாவதிலேயே அவருடைய தலையாட்டல் மெதுவானது. நாலாவதில் நின்றேவிட்டது. மகள் சாமர்த்தியமாக அதே தாள்களை அந்த வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்ததோ, அப்பாவுக்குத் தெரிந்த சொற்களாகவே பேச வேண்டுமென்று அந்த அம்மாள் மெனக்கெட்டுப் படித்துவந்திருந்ததோ அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வந்தவர்கள் புகழ்கிறார்கள்.

"வீடு அழகாக இருக்கிறது. தேநீர் அருமை. இந்தத் திரைச்சீலையின் நிறம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது."

திரைச்சீலைவரை வந்துவிட்டார்களா? கடைக்காரருக்கு வேர்த்தது. இப்படி அடுக்கின ஒருவர்கூட, முப்பது வருடத்தில் ஒரு சின்னக் கைப்பை வாங்கினதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா பக்கத்திலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி எடுக்கத்தான். ஆனால் கடைக்காரரின் கண்ணுக்கு அது படியிறங்கப் போகிற கால்.

மகளைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், குழந்தைக்குத் தெரியவில்லை, வியாபாரம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. போகிற வாடிக்கையாளரைப் பிடித்து நிறுத்த வழி என்ன? நமக்கும் அக்கறை இருக்கிறது என்று காட்டுவதுதான். அக்கறையை எப்படிக் காட்டுவது? அதற்கு அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. அதற்கான சரக்கு மூன்றாவது தாளில், பிசகில்லாமல், நாக்கு நுனியில் காத்திருந்தது.

முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையாகப் போகிறவனைக் கனிவோடு பார்த்தார்.

"யுவர் சன்," என்றார், "ஸ்டபர்ன்."

பிடிவாதக்காரன். அறை அமைதியாயிற்று. கேட்கிறார்கள், நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

"லேசி. ஹி நோ வாஷ் கப்." சோம்பேறி, குடித்த கோப்பையைக் கழுவமாட்டான். மகள் போனில் எப்போதோ அம்மாவிடம் அலுத்துக்கொண்டது அது.

"அப்பா," என்றாள் மகள், பல்லைக் கடித்தபடி.

"ஃபர்கெட்ஃபுல்." மறதிக்காரன். பிறகு, மிச்சம் வைப்பானேன் என்று, தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார். "அண்ட், ஹேர். லிட்டில்."

ஆக நாலு குறை. நாலையும் அவர் சொன்ன மாதிரி அன்பாக அந்தப் பையனைப் பற்றி அவன் தாய்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லிவிட்டு, மின்விசிறியைத் திருப்பி நாற்காலி போட்ட முகத்தோடு பதிலுக்குக் காத்திருந்தார்.

பையனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "நீ இதையெல்லாம் வீட்டில் சொன்னாயா?" என்று மகளைக் கேட்டான். மகளின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நர்ஸம்மா கோப்பையைத் தட்டில் வைத்தாள். அது வைத்த சத்தமே ஒரு வாக்கியம் மாதிரி இருந்தது. பிறகு எழுந்து நின்றாள். கூடவே நில அளவையாளரும் எழுந்தார்.

"என்னங்க சொல்லித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணும் இல்லையே. மாப்பிள்ளையைப் பத்தி நாலு குறை சொன்னேன்."

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளையைப் பாக்கச் சொன்னா பெட்டியைப் பாக்கறாரே இந்த மனுஷன்! என் மூக்கோட விட்டுதுன்னு நெனச்சேனே!"

"உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று நின்றபடியே கேட்டாள் நர்ஸம்மா.

மகளுக்குப் பொய் சொல்லித் தேற்றத் தெம்பில்லை. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தாள், மூக்கு உட்பட. நர்ஸம்மாவின் புருவம் சுருங்கியது. "பெட்டியா? எந்தப் பெட்டி?"

அவ்வளவு நேரம் கழித்துத்தான் கடைக்காரருக்கு உறைத்தது. இவர்கள் கடைத்தெருவில் வளரவில்லை. இவர்கள் ஊரில் நல்லது என்றால் நல்லது, கெட்டது என்றால் கெட்டது. உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கலாம் என்பது ஐம்பத்துநாலு வயதுவரை தோன்றாத தன் மண்டையை எந்தத் தாளில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை. விடுவிடென்று மகளின் அறைக்குள் போய், அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸை அப்படியே உருட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம். ஒன் மினிட். ப்ளீஸ் சிட்."

உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

கடைக்காரர் பெட்டியை நடுவில் நிறுத்தினார். ஒரு பக்கம் போய் நின்று, பெட்டியைத் தடவி, "ஓ, பியூட்டிஃபுல்! வெரி நைஸ்! வெரி குட்!" என்று குழைந்தார். அப்படியே திரும்பி வாசற்கதவுவரை நடந்துபோய், "பை பை" என்று கை காட்டினார். "நோ பையிங். நோ மனி. கோயிங்" என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு ஓடிவந்து இன்னொரு பக்கம் நின்றார். சக்கரத்தை உதைத்தார். ஜிப்பை இழுத்து முகம் சுளித்தார். "பேட் வீல்! பேட் ஜிப்! பேட் கலர்!" என்று இடுப்பில் கைவைத்துத் திட்டினார். திட்டி முடித்ததும் பெட்டியை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, பையனைப் பார்த்தார்.

"யுவர் சன்," என்றார். "ஐ... வாண்ட்."

முதலில் சிரித்தது நில அளவையாளர். அவர் தோள்தான் முதலில் குலுங்கியது, சத்தம் அப்புறம்தான் வந்தது. பையன் தலையிலிருந்து கையை எடுத்தான். மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. சோபாவின் நுனியில் திரும்ப உட்கார்ந்தாள்.

"சரி. என் மகன் சோம்பேறி என்பது எனக்கும் தெரியும். பிடிவாதம் இவரிடமிருந்து வந்தது," என்று கணவனைக் காட்டினாள். "இப்போது நான் கேட்கிறேன். முப்பது வருடம் குழந்தைகளைக் கையில் ஏந்தினவள் நான். எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு முதல் பல் எப்போது முளைத்தது?"

நாலாவது தாள், முதல் வரி. கேள்வி ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. பதிலுக்கு மனைவியைப் பார்த்தார்.

"ஏழாம் மாசம்," என்றாள் மனைவி, மகள் தமிழில் சொன்னதும்.

"நீங்கள் அப்போது எங்கே?"

"ஐ... ஷாப்," என்றார் கடைக்காரர்.

"முதல் அடி எடுத்து வைத்தது?"

சக்கரம் வைத்த பெட்டிகள் முதன்முதலாக இந்த ஊர்ச் சந்தைக்கு வந்த வருடம் அது. கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது குழந்தை ஓடிக்கொண்டிருந்தது. "ஷாப்," என்றார்.

"பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள்?"

பள்ளி திறக்கிற வாரம். புத்தகப்பை வியாபாரம். கடையில் நிற்க இடம் இருக்காது. "ஷாப்."

"பட்டம் வாங்கியது?"

"ஷாப்." அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. தாள் முழுக்க மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வாரமாக உதாரணம் தேடியிருந்தார். எல்லாச் சொல்லுக்கும் உதாரணம் இந்த வீட்டிலேயே, இந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தது என்பதும், எந்த உதாரணத்திலும் தான் இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது. முட்டாள்தனத்தில்கூட இத்தனை ஒழுங்காக ஒருவன் இருக்க முடியுமா என்று தன்னைத்தானே வியந்துகொண்டார்.

நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கோபமாக இருக்கிறாளா என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வார்டுக்கு வெளியே நிற்கிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்," என்றாள். "பொய் சொல்லுகிறவர்கள்தான் அதிகம். போகட்டும். உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி. வருடத்திலேயே உங்கள் கடையில் அதிகக் கூட்டம் எந்த நாள்?"

கடைக்காரருக்கு உயிர் வந்தது. அப்பாடா, தெரிந்த கேள்வி! நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமையாக விரலை நீட்டிச் சொன்னார்: "ஹாலிடே ஸ்டார்ட். ஃபர்ஸ்ட் சாட்டர்டே! ஃபுல் க்ரவுட்! மார்னிங் டு நைட்!" ஊரே பயணம் கிளம்புகிற நாள். அன்றைக்குப் பெட்டிகள் பறக்கும்.

நர்ஸம்மா பையிலிருந்து ஒரு சின்ன நாட்குறிப்பை எடுத்தாள். பக்கம் புரட்டினாள். பேனாவைத் திறந்து, ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"கல்யாணம் அன்றைக்கு," என்றாள். "அந்தச் சனிக்கிழமை. நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம்."

மகள் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. கடைக்காரரின் முகத்திலேயே எல்லாம் தமிழில் தெரிந்தது. தானாகவே போய் விலையைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்ட வியாபாரியை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார், நில அளவையாளருக்குப் பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில். 'சண்டே' என்ற சொல் நாக்குவரை வந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். சொல்லை விழுங்கினார். ஒரு நிமிடம் கழித்துத் தலை ஆடியது.

"எஸ்," என்றார். "சாட்டர்டே."

நர்ஸம்மா எழுந்து வந்து மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி தமிழிலும் ஒருத்தி ஆங்கிலத்திலுமாக ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது போலத்தான் இருந்தது.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த மகள், பெட்டியைத் தன் அறைக்கு உருட்டிக்கொண்டு போகும் வழியில் நின்றாள். நாலு குறைக்குப் பிறகு அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நெஜமாவே கடையை மூடுவீங்களாப்பா?"

"மூடுவேம்மா."

"காலையிலேர்ந்தா?"

"ஒரு பதினொரு மணியிலேர்ந்து."

"அப்பா!"

"சரி, பத்து. நீ கெளம்பறதுக்கே பத்தாயிடும்."

"அப்பா..."

"முழு நாளும் மூடணும்னு இல்லம்மா. ஷட்டரைப் பாதி ஏத்தி வெச்சுட்டு, மச்சானை மட்டும் உள்ள..."

"தாய்மாமா என் கல்யாணத்துக்கு வர வேணாமா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. மனைவி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"வரட்டும்," என்றார். "அவனும் வரட்டும்."